ஹில்குரோவ் 7, ரன்னிமீடு 4: ஒரு தண்டவாளப் புதிரைத் திருத்திய மூன்று மாதம்

நான் செய்த தண்டவாளப் புதிர் விளையாட்டின் 1.3 பதிப்பை நேற்று சாயங்காலம் பிளே ஸ்டோரில் ஏற்றினேன். அதற்கு முன்னால் டெய்லர் அக்காவைக் கூப்பிட்டுக் கடை முக்காலியில் உட்கார வைத்து, ரன்னிமீடு தொகுப்பின் 4வது புதிரைக் கொடுத்தேன். 11 நிமிஷத்தில் முடித்தார். ஒரு இடத்தில்கூடக் குத்துமதிப்பாகப் போடவில்லை, ஒவ்வொரு துண்டையும் ஏன் அங்கே வைக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வைத்தார். இதே புதிரை ஆகஸ்டில் மூணு நாள் வைத்திருந்துவிட்டு, "இது கணக்கு இல்ல அம்மிணி, கண்ணை மூடிக்கிட்டுப் போடறது" என்று சொன்னவர் அவர்தான். அந்தப் புதிரில் நான் ஒரு கட்டத்தைக்கூட மாற்றவில்லை. அதைச் சுற்றி இருந்த எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது. மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

எனக்குக் கோத்தகிரியில் ஜெராக்ஸ் எடுப்பது, ஆன்லைனில் விண்ணப்பம் போடுவது என்று ஒரு சின்னக் கடை. மத்தியானம் 2 மணியிலிருந்து 4 மணி வரை ஆள் வராது, மழைக்காலத்தில் சாயங்காலமும் வராது. அந்த நேரத்தில்தான் இந்த விளையாட்டைச் செய்தேன்.

விளையாட்டு இதுதான். சதுரக் கட்டங்கள், இடது ஓரத்தில் ஒரு ஸ்டேஷன், கீழ் ஓரத்தில் ஒரு ஸ்டேஷன். இரண்டையும் ஒரே தண்டவாளத்தால் இணைக்க வேண்டும், கிளை பிரியக் கூடாது, வட்டமாக மூடிக்கொள்ளவும் கூடாது. குறுக்காகவும் நெடுக்காகவும் உள்ள ஒவ்வொரு வரிசைக்கும் ஓரத்தில் ஒரு எண் இருக்கும், அந்த வரிசையில் எத்தனை கட்டத்தில் தண்டவாளம் ஓடுகிறது என்று. அவ்வளவுதான். இந்த வகைப் புதிர் நான் கண்டுபிடித்தது இல்லை, சைமன் டாதம் இலவசமாகக் கொடுக்கும் புதிர்த் தொகுப்பில் டிராக்ஸ் என்ற பெயரில் ஏற்கெனவே இருக்கிறது. நான் செய்தது அதைத் தமிழில், நம் மலை ரயிலின் பெயர்களோடு கொண்டுவந்தது. மேட்டுப்பாளையம், கல்லாறு, அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமீடு, காட்டேரி, குன்னூர், வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல், உதகமண்டலம் என்று 12 தொகுப்பு, தொகுப்புக்கு 10 புதிர், மொத்தம் 120. கோத்தகிரிக்கு ரயில் கிடையாது. சின்ன வயதில் குன்னூரில் இருந்த சித்தி வீட்டுக்குப் போகும்போது மட்டும் பார்த்த ரயில் அது, அந்த ஆசைதான் இதற்கெல்லாம் காரணம்.

முதலில் 12 பேரைச் சேர்த்தது. பிளே ஸ்டோரில் 2023 நவம்பர் 13க்குப் பிறகு தனிநபராகக் கணக்குத் தொடங்கியவர்கள், ஆப்பைப் பொதுவில் விடுவதற்கு முன் ஒரு மூடிய சோதனை நடத்த வேண்டும். முதலில் 20 பேர் வேண்டும் என்று இருந்தது, 2024 டிசம்பரில் 12 ஆகக் குறைத்தார்கள். 12 பேரும் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருக்க வேண்டும். நான் சரியாக 12 பேரை மட்டும் சேர்த்தேன், அது தப்பு. 9வது நாள் ஒருவர் போனில் எதையோ தட்டி வெளியேறிவிட்டார், எண்ணிக்கை 11 ஆனது, வேறொருவரைச் சேர்த்து அவருக்கு 14 நாள் முடியும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 15, 16 பேரையாவது வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

ஆனால் அந்த விதி இல்லாமல் இருந்திருந்தால் நான் யாரிடமும் காட்டாமலே வெளியிட்டிருப்பேன், அதை நினைத்தால் இப்போது பயமாக இருக்கிறது. எதிர்க்கடை டெய்லர் அக்கா, ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர், தேயிலை ஃபேக்டரியில் டிரையர் பார்க்கும் அண்ணன், ஒரு ஜீப் டிரைவர், இலை பறிக்கப் போகும் இரண்டு அக்காக்கள், ஒன்பதாம் வகுப்புப் பையனும் அவன் அப்பாவும் ஒரே போனில், மற்றவர்கள் உறவுக்காரர்களும் கல்லூரிப் பெண்களும். ஒரு 80 பக்க நோட்டில் ஆளுக்கு ஆறு பக்கம் ஒதுக்கினேன். அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதினேன், என் வார்த்தையில் மாற்றவில்லை. இது ஒன்றுதான் நான் முதல் நாளிலிருந்தே சரியாகச் செய்தது.

முதல் நாளே வந்தது எழுத்துப் பிரச்சினை. விளையாட்டு செய்ய உதவும் கோடோ என்ற மென்பொருளின் 3வது பதிப்பில் செய்திருந்தேன். அதில் தமிழ் மாதிரி எழுத்துகளைச் சேர்த்து அமைக்கும் வேலை நடக்காது, கேத்தி என்று எழுதினால் கொம்பு க-வுக்குப் பின்னால் போய் நிற்கும். என் வழி என்னவென்றால் பெயர்களை எல்லாம் படமாக வரைந்து ஒட்டிவிட்டேன், 12 பெயர்தானே என்று. குறிப்புகளைத் தமிழில் எழுத வேண்டும் என்று வந்தபோது அது நடக்காமல் போனது. கோடோ 4க்கு மாற்றினேன், நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைப் போட்டேன், எழுத்து ஒழுங்காக வந்தது. ஆனால் பழைய புரோகிராமை மாற்ற ஒன்பது ராத்திரி. தமிழில் ஏதாவது செய்கிறீர்கள் என்றால் 4லேயே ஆரம்பியுங்கள், அவ்வளவுதான்.

அடுத்து விரல். ஒரு கட்டத்தில் தண்டவாளம் ஆறு விதமாக இருக்கலாம், நேர்த்துண்டு இரண்டு, வளைவு நான்கு. முதல் பதிப்பில் கட்டத்தைத் தட்டத் தட்ட ஒவ்வொன்றாக மாறும்படி வைத்திருந்தேன். எனக்கு அது பழகிவிட்டதால் தெரியவே இல்லை. இலை பறிக்கும் அக்கா ஒருவர் விளையாடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தபோதுதான் புரிந்தது, வேண்டிய வளைவு ஐந்தாவது தட்டில் வந்தது, அவர் வேகத்தில் ஆறாவதும் தட்டிவிட்டார், மறுபடி முதலிலிருந்து. நாள் முழுக்க இலை பறித்த விரல், நுனி காய்ப்பு ஏறி இருக்கிறது, தொடுதிரை பாதி நேரம் அதை உணர்வதே இல்லை. அவர் புகாராக எதுவும் சொல்லவில்லை, "எனக்குத்தான் வரல" என்றார். அதை நோட்டில் எழுதும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது.

ஸ்கேல் வைத்து அளந்தேன். அவர் போன் திரையின் அகலம் 68 மி.மீ. பத்துக்குப் பத்து கட்டம், எண்களுக்கு ஒரு பத்தி, ஆக 11 பங்கு, கட்டத்துக்கு 6.2 மி.மீ. ஆண்ட்ராய்டு சொல்லும் குறைந்தபட்ச அளவு 48 அலகு, அங்குலத்துக்கு 160 அலகு என்ற கணக்கில் 7.6 மி.மீ. எட்டுக்கு எட்டு என்றால் கிட்டத்தட்ட 7.6 வருகிறது, பரவாயில்லை. அதனால் கடைசி இரண்டு தொகுப்பைத் தவிர எல்லாவற்றையும் எட்டுக்குள் வைத்தேன், அந்த இரண்டில் மட்டும் பெரிதாக்கிப் பார்க்கும் வசதி.

தட்டுவதை எடுத்துவிட்டு விரலால் இழுத்துக்கொண்டே போகும்படி மாற்றினேன். முதல் முயற்சி கெட்டுப்போனது. மனிதர்கள் 90 பாகையில் விரலைத் திருப்புவதில்லை, மூலையை வெட்டிக்கொண்டு போகிறார்கள், அதனால் பக்கத்துக் கட்டத்தில் தேவையில்லாத துண்டு விழுந்தது. ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்திலும் விரலைக் கணக்கில் எடுக்காத ஒரு பட்டை வைத்தேன். கட்ட அகலத்தில் 15 சதவீதம் வைத்தபோது போதவில்லை, 30 வைத்தபோது வேகமாக இழுத்தால் கட்டமே விட்டுப்போனது, 22ல் நின்றது. பழைய போன் ஒன்றை 3,200 ரூபாய்க்கு வாங்கியது இதற்காகத்தான், என் போனில் 30ம் நன்றாகவே வேலை செய்தது. அந்த அக்கா அதற்கப்புறம் அடர்லி முழுவதையும் முடித்துவிட்டார்.

சரி, இப்போது ஹில்குரோவ் 7.

ஜீப் டிரைவர் அண்ணன் ராத்திரி 10 மணிக்கு ஒரு படம் அனுப்பினார். எல்லா எண்ணும் சரியாக இருக்கிறது, பாதை ஒரு ஸ்டேஷனிலிருந்து இன்னொரு ஸ்டேஷன் வரை போகிறது, ஆனால் ரயில் கிளம்பவில்லை. (சரியாக முடித்தால் ஒரு குட்டி ரயில் பாதையில் ஓடும்.) நான் படத்தைச் சரியாகக்கூடப் பார்க்காமல், "எங்கேயோ ஒரு துண்டு மாறியிருக்கும் அண்ணா, திரும்பப் பாருங்க" என்று பதில் போட்டேன். அவர் இரண்டு நாள் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார். மூன்றாவது நாள் கடைக்கே வந்து, "நீங்களே பாருங்க" என்று போனை மேசையில் வைத்தார். பார்த்தேன், அவர் விடை சரி. என் விடையும் சரி. இரண்டும் வேறு வேறு.

எப்படி நடந்தது என்று கண்டுபிடிக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. புதிருக்கு ஒரே விடைதானா என்று பார்க்க ஒரு புரோகிராம் வைத்திருந்தேன், எல்லா வழியையும் முயன்று பார்த்துக் கிடைக்கும் விடைகளைச் சேர்த்து எண்ணும். அந்தப் பகுதியை என் பழைய நோனோகிராம் முயற்சியிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டிருந்தேன். நோனோகிராமில் எந்தக் கட்டம் கறுப்பு என்பதுதான் விடை. அதனால் அது இரண்டு விடைகளை ஒப்பிடும்போது எந்தெந்தக் கட்டம் நிரம்பியிருக்கிறது என்று மட்டும்தான் பார்த்தது, தண்டவாளம் எப்படி வளைந்து போகிறது என்று பார்க்கவில்லை.

ஒரு தாளில் மூன்றுக்கு மூன்று கட்டம் போட்டுப் பாருங்கள். மேல் இடது மூலையில் நுழைந்து கீழ் வலது மூலையில் வெளியேற வேண்டும், ஒன்பது கட்டமும் நிரம்ப வேண்டும். குறுக்காகப் போய்ப் போய்த் திரும்பி வரலாம். மேலும் கீழுமாகவும் போய்த் திரும்பலாம். நிரம்பிய கட்டங்கள் ஒன்றேதான், எண்களும் எல்லா வரிசையிலும் 3, பாதை மட்டும் வேறு. ஹில்குரோவ் 7ன் நடுவில் இப்படி ஒரு துண்டு இருந்தது. என் புரோகிராம் இரண்டையும் கண்டுபிடித்துவிட்டு இரண்டும் ஒன்றுதான் என்று எழுதிக்கொண்டது.

ஒப்பிடும் இடத்தில் கட்டத்துக்குப் பதிலாக, எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்குப் போகிறது என்ற இணைப்பை வைத்தேன். மாற்றியது நான்கு வரி. 120ஐயும் திரும்ப ஓட்டியதில் 9 புதிருக்கு இரண்டோ அதற்கு மேலோ விடை இருந்தது. ஒன்பதையும் தூக்கினேன். அதோடு இன்னொன்றும் மாற்றினேன். விளையாடுபவரின் பாதையை நான் சேமித்து வைத்த விடையோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டு, விதிகள் எல்லாம் பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கச் செய்தேன். நாளைக்கு இன்னொரு பிழை என் கண்ணுக்குத் தப்பினாலும் சரியாகப் போட்டவருக்கு ரயில் ஓட வேண்டும், அவரைத் தப்பு என்று சொல்லக் கூடாது. ஜீப் அண்ணனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன், "பரவால்ல விடுங்க, நான் சொன்னது சரிதானே" என்று இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். டெய்லர் அக்கா சொன்னது அப்படியேதான் நின்றது. ரன்னிமீடு 4க்கு ஒரே விடைதான், புதுச் சோதனையிலும் ஒன்றுதான் வந்தது. நானும் அவரிடம், "ஒரே விடைதான் அக்கா இருக்கு, யோசிச்சா வரும்" என்றேன். அவர் கேட்டது எனக்கு ரொம்ப நாள் மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது: "ஒண்ணுதான் இருக்குன்னு உனக்குத் தெரியும், எனக்கு அங்க போக வழி எங்க இருக்கு?"

என் புரோகிராம் ஒரு துண்டை வைத்து, அது எங்கே போகிறது என்று கடைசிவரை பார்த்து, முட்டிக்கொண்டால் திரும்பி வந்து அடுத்ததை வைக்கும். ஆயிரக்கணக்கான தடவை. அதற்கு அலுப்பு கிடையாது. மனிதர் அப்படி விளையாடினால் அதற்குப் பெயர் ஊகம்தான். விடை ஒன்றே ஒன்று என்பது புதிருக்கு உள்ள குணம், அந்த விடைக்குப் படிப்படியாக நடந்து போக முடியும் என்பது வேறு குணம், நான் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு இரண்டாவதும் தானாக வரும் என்று நம்பியிருந்தேன். கடினம் எவ்வளவு என்பதையும் கட்டங்களின் எண்ணிக்கையை வைத்தே முடிவு செய்திருந்தேன். ஆறுக்கு ஆறில் திணறியவர்கள் எட்டுக்கு எட்டை எளிதாக முடித்ததாக நோட்டில் நான்கு பேர் பக்கத்தில் இருந்தது, எழுதும்போது அதை நான் கவனிக்கவே இல்லை.

இதற்கு நடுவில் பையன் விஷயம் ஒன்று. அவன் ஒரே நாளில் 40 புதிர் முடித்தான். சந்தோஷமாகப் போய்க் கேட்டால், "தப்பா வச்சா சிவப்பு வரும்ல அக்கா, வராத வரைக்கும் மாத்திக்கிட்டே போனேன்" என்றான். தப்பை உடனே சிவப்பாகக் காட்டியது உதவி என்று நினைத்து வைத்தது, அது புதிரையே தின்றுவிட்டது. அடுத்த பதிப்பில் முழுக்க எடுத்தேன், உடனே மூன்று பேர் பாதியில் நின்றுவிட்டார்கள், எங்கே தப்பு என்று தெரியாமல் எல்லாவற்றையும் அழிக்க வேண்டியிருந்ததாம். அதுவும் நியாயம்தான். கடைசியில் 'சரிபார்' என்று ஒரு பொத்தான், அதை அழுத்தினால் கடைசியாக எல்லாம் சரியாக இருந்த நிலைக்கு ஆட்டம் திரும்பும், எந்தத் துண்டு தப்பு என்று காட்டாது. அந்தப் பையனின் அப்பாவுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது என்பதும் இதில்தான் வெளியே வந்தது. இப்போது நிரம்பிய எண் மங்கி அதன் மேல் ஒரு கோடு விழும், அதிகமானால் எண்ணைச் சுற்றிப் பெட்டி வரும், நிறத்தை நம்பி எதுவும் இல்லை.

ஊகம் இல்லாமல் தீர்க்க முடிகிறதா என்று பார்க்க இரண்டாவது ஒரு புரோகிராம் எழுதினேன், பைத்தானில். அதற்கு முயன்று பார்க்க அனுமதி கிடையாது, ஆறே விதி மட்டும் தெரியும். வரிசையின் எண்ணிக்கை நிரம்பிவிட்டால் மீதியில் பெருக்கல் குறி, அங்கே பாதை இல்லை என்று அர்த்தம். மீதி இருக்கும் கட்டமும் தேவையும் சமம் என்றால் எல்லாவற்றையும் நிரப்பு. பாதையின் நுனிக்கு ஒரே வழிதான் இருந்தால் அங்கே போ. ஒரே வாசல் உள்ள கட்டத்தில் பாதை வராது. இரண்டு நுனியைச் சேர்த்தால் வட்டம் ஆகும் என்றால் சேர்க்காதே. எண்ணிக்கையில் மிச்சம் ஒன்றுதான் என்றால் இரண்டு கட்டம் தின்னும் வளைவு வராது. நான் விளையாடும்போது என்னென்ன யோசிக்கிறேன் என்று தாளில் எழுதிப் பார்த்து எடுத்தது இவ்வளவுதான். ராத்திரி ஓட விட்டுவிட்டுப் போனேன், முடிவை எல்லாம் கடைசியில் மொத்தமாக ஃபைலில் எழுதும்படி வைத்திருந்தேன், அக்டோபர் மழையில் கரண்ட் போய் யூபிஎஸ்ஸும் படுத்துவிட்டது, காலையில் ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு புதிர் முடிந்ததும் எழுதும்படி மாற்றினேன், யூபிஎஸ் பேட்டரி 1,150 ரூபாய்.

மீதி இருந்த 111ல் 73 புதிர் ஆறு விதியில் தீர்ந்தது. 38 தீரவில்லை, அதில் ரன்னிமீடு 4ம் ஒன்று. அக்கா சொன்னது சரி என்று எழுதி, 38ஐயும் தூக்கத் தயாரானேன்.

தூக்குவதற்கு முன்னால் கேங்மேன் ஐயாவிடம் இன்னொரு விஷயத்துக்காகப் போயிருந்தேன். அவர் முதல் வாரமே ஒரு குறை சொல்லியிருந்தார், என் குட்டி ரயிலில் எஞ்சின் முன்னால் நின்று இழுக்கிறது என்று. கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதை, 12 அடிக்கு ஓர் அடி ஏறும் இடமெல்லாம் உண்டு, அங்கே எஞ்சின் பின்னால் இருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டுதான் மேலே போகும். "ஏத்தத்துல முன்னாடி எஞ்சினைப் போட்டு, கொக்கி கழண்டா பெட்டி எங்க போகும்?" என்று கேட்டார். அதைத் திருத்திவிட்டேன் என்று காட்டப் போனேன், வர்க்கியும் டீயும் வாங்கிக்கொண்டு.

அவர் போனில் விளையாடுவதில்லை, கண் கூசுகிறது என்று நான் அச்சடித்துக் கொடுத்த தாளில் பென்சிலால் போடுவார். அந்தக் கட்டில் ரன்னிமீடு 4 முடிந்திருந்தது. ரப்பர் வைத்து அழித்த தடம் ஒன்றுகூட இல்லை. எப்படிப் போட்டீர்கள் ஐயா, ஊகமா என்று கேட்டேன். அவர் தாளின் நடுவில், நான்காவது பத்திக்கும் ஐந்தாவது பத்திக்கும் இடையே, மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தார்.

"இதை ஆறுன்னு வச்சுக்க அம்மிணி. பாதை இந்தக் கரையில ஆரம்பிச்சு அந்தக் கரையில முடியுது. அப்படின்னா ஆத்தைத் தாண்டற பாலம் ஒத்தப்படையிலதான் இருக்கணும். ஒண்ணு, இல்லன்னா மூணு, இல்லன்னா அஞ்சு. ரெண்டு பாலம் போட்டா திரும்ப இந்தக் கரைக்கே வந்துருவோமே."

அப்புறம் பென்சில் நுனியை வைத்துக் காட்டினார். அந்தக் கோட்டை இரண்டு இடத்தில் பாதை தாண்டிவிட்டது நிச்சயம். ஐந்து இடத்தில் தாண்டாது என்பதும் நிச்சயம். மிச்சம் ஓர் இடம். இரண்டு இரட்டைப்படை, அப்படியானால் அந்த ஓர் இடத்தில் தாண்டியே ஆக வேண்டும். அந்த ஒரு துண்டு விழுந்ததும் மற்றதெல்லாம் வரிசையாக விழுந்தது. ஸ்டேஷன் இரண்டும் கோட்டின் ஒரே பக்கத்தில் இருந்தால் இரட்டைப்படை, அதுவும் அவரே சொன்னார். 250 பாலம் உள்ள பாதையில் வேலை பார்த்தவர். நான் அந்த விளையாட்டைச் செய்து ஒரு வருஷம் ஆகியும் இது எனக்குத் தோன்றவே இல்லை. திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே பரபரப்பு, மூடுபனியில் ரோடுகூடச் சரியாகத் தெரியவில்லை.

அன்று ராத்திரியே 7வது விதியாகச் சேர்த்தேன். எட்டுக்கு எட்டில் நிற்கும் கோடு ஏழு, படுக்கும் கோடு ஏழு, ஒவ்வொன்றிலும் தாண்டியது எத்தனை, முடிவாகாதது எத்தனை என்று எண்ணி, முடிவாகாதது ஒன்றே ஒன்று என்றால் அதைத் தீர்மானிக்க வேண்டும், மொத்தமே 20 வரிதான். 38ல் 17 புதிர் தீர்ந்தது. மீதி 21ஐத் தூக்கினேன், முன்னே போன 9ஐயும் சேர்த்து 30 புதிர் புதிதாகச் செய்தேன், இந்த முறை ஏழு விதியிலும் தேறியதை மட்டும்.

கடினத்தையும் திரும்பக் கணக்கிட்டேன். எவ்வளவு பெரிய விதி தேவைப்படுகிறது என்பது ஒன்று. அதைவிட முக்கியமாக எனக்குப் பட்டது, ஒரு நிலைக்கு மேல் அடுத்த அடி ஒரே ஓர் இடத்தில் மட்டும்தான் இருக்கிறதா, அல்லது நாலைந்து இடத்தில் இருக்கிறதா என்பது. ஒரே இடம் என்றால் அதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் ஆள் சோர்ந்துவிடுகிறார். இந்த எண்ணிக்கையை வைத்து அடுக்கியபோது நோட்டில் இருந்த முனகல்களோடு அது கிட்டத்தட்ட ஒத்துப்போனது.

ஆனால் பாலம் விதி ஐயாவுக்குத் தெரியும், டெய்லர் அக்காவுக்குத் தெரியாதே. அதனால் ஹில்குரோவ் தொகுப்பின் கடைசி மூன்று புதிரைப் பாலத்தைச் சொல்லிக்கொடுப்பதற்காகவே சின்னதாக, ஐந்துக்கு ஐந்தில் செய்தேன். குறிப்புப் பொத்தானையும் மாற்றினேன். முன்பு அழுத்தினால் ஒரு துண்டை வைத்துவிடும், ஏன் என்று சொல்லாது. இப்போது துண்டை வைக்காது, காரணத்தை மட்டும் சொல்லும். ஏழு விதிக்கு ஏழு வாக்கியம், அதை எழுதியதுதான் எனக்கு எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. முதலில் பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் இருப்பது போல நிரை, நிரல் என்று போட்டேன். பையனைத் தவிர ஒருவருக்கும் புரியவில்லை. டெய்லர் அக்கா வாரப் பத்திரிகையில் குறுக்கெழுத்துப் போடுபவர், "இடமிருந்து வலம், மேலிருந்து கீழ்னு போட வேண்டியதுதானே" என்றார். போட்டேன், அதற்கப்புறம் யாரும் அர்த்தம் கேட்கவில்லை. பாலத்துக்கு இப்போது இருக்கும் வாக்கியம் இது: "இந்தக் கோட்டை ஆறாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பாலம் போட்டாயிற்று. அக்கரையில் முடிய வேண்டுமே?" கடைசியில் கேள்வியாக விட்டதற்குக் காரணம், நிச்சயமாகச் சொல்லி முடித்தால் அவர்கள் யோசிக்க ஒன்றும் மிச்சம் இல்லை.

கேட்டதில் செய்யாததும் உண்டு. பையன் நேரம் ஓடும் கடிகாரம் கேட்டான், கல்லூரிப் பெண்கள் மதிப்பெண் பட்டியல் கேட்டார்கள். வேலை முடிந்து வந்து உட்காருபவர்களுக்கு அது அவசரத்தைக் கொடுக்கும், வேண்டாம் என்று நேராகச் சொல்லிவிட்டேன். எண்ணிக்கை நிரம்பியதும் பெருக்கல் குறி தானாக விழ வேண்டும் என்று ஐந்து பேர் கேட்டார்கள், அதை விருப்பத்துக்கு விட்டேன், அமைப்புகளில் இருக்கிறது.

செலவு: கணக்குக் கட்டணம் 25 டாலர், கையிலிருந்து போனது சுமார் 2,200 ரூபாய். பழைய போன் 3,200. பேட்டரி 1,150. நோட்டு, கிராஃப் தாள் 180. டீ, வர்க்கி கிட்டத்தட்ட 900. ஆக 7,630. அச்சடித்தது கடை மெஷினில், அதைச் சேர்க்கவில்லை.

அடுத்த தடவை என்றால், ஊகம் இல்லாமல் தீர்க்கும் புரோகிராமை முதலில் எழுதுவேன், புதிர் செய்யும் புரோகிராமை அதற்கப்புறம். முதல் 10 புதிரைத் தாளில் அச்சடித்து நான்கு பேரிடம் பென்சிலோடு கொடுப்பேன், போனில் ஏற்றுவதற்கு முன்னாலேயே. அழித்த தடம் எங்கே இருக்கிறது என்று பார்த்தாலே நிறைய தெரிகிறது. பழைய வேலையிலிருந்து எடுத்துப் போடும் ஒவ்வொரு துண்டையும் மூன்றுக்கு மூன்று கட்டத்தில் கையால் சரிபார்ப்பேன். யாராவது படம் அனுப்பினால், பதில் போடுவதற்கு முன் அதில் இருப்பதை எண்ணிப் பார்ப்பேன்.

ஐயா இப்போது சுரங்கம் கேட்கிறார். அந்தப் பாதையில் 16 சுரங்கம் இருக்கிறது, விளையாட்டில் ஒன்றுகூட இல்லையே என்கிறார். பாதை உள்ளே போய் வேறொரு கட்டத்தில் வெளியே வர வேண்டுமாம், உள்ளே ஓடும் தூரம் எண்ணிக்கையில் சேராது. ஆறுக்கு ஆறில் அவரே ஒன்று வரைந்து கொடுத்திருக்கிறார். நேற்று ராத்திரி அதை இரண்டு புரோகிராமிலும் சேர்த்து ஓட்டிப் பார்த்தேன். ஒரே விடை, ஊகம் இல்லாமல் தீர்கிறது, பாலம் விதி இரண்டு இடத்தில் வருகிறது.